அரச டியாராவின் நகல் வீட்டிலேயே: வாசகர் கேள்வி, பதில்

பிரிட்டிஷ் அரச குடும்பத்தினர் தலையில் கிரீடம் போல் அணியும் டியாராக்களைப் பார்த்து வீட்டிலேயே நகல் செய்ய முயலும் வாசகர்களின் கேள்விகள் இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கம்பி வளைத்துத் தோடு, வளையல் செய்து பழக்கம் உண்டு. இப்போது டயானா அணிந்த லவ்வர்ஸ் நாட் டியாராவைச் செய்ய ஆசை. முதல் முயற்சிக்கு அது சரிப்படுமா?

பதில்: பொறுமை இருந்தால் சரிப்படும். அதில் கஷ்டம் கல் வைப்பதில் இல்லை, ஒரே உருவத்தைத் திரும்பத் திரும்ப பிசகாமல் செய்வதில்தான். மொத்தம் 19 வளைவுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு முடிச்சு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஆடும் ஒரு துளி முத்து. பதினெட்டு நன்றாக வந்து ஒன்று கோணினால், பார்ப்பவர் கண் அந்த ஒன்றில்தான் போய் நிற்கும்.

தொடங்கும் முன் எந்தக் காலத்து வடிவம் வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எலிசபெத் அரசியின் பாட்டியான மேரி அரசிக்காக கேரார்ட் நகை நிறுவனம் இதைச் செய்தபோது மேல் விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் முத்துகளும் இருந்தன. பிறகு அவை எடுக்கப்பட்டன. டயானாவும், 2015 முதல் வில்லியமின் மனைவி கேத்தரினும் அணிந்தது மேல் முத்து இல்லாத வடிவம். பழைய படம் ஒன்றையும் புதிய படம் ஒன்றையும் வைத்துக்கொண்டு வரைந்தால் இரண்டும் கலந்து எதுவுமில்லாமல் போய்விடும்.

இதைவிட எளிது வேண்டுமானால் விளாடிமிர் டியாரா. 1874-இல் ரஷ்ய அரச குடும்பத்துக்காக போலின் நிறுவனம் செய்து, 1921-இல் மேரி அரசி வாங்கியது. ஒன்றோடொன்று பின்னிய 15 வட்டங்கள். வட்டத்தை உருளையில் சுற்றியே எடுத்துவிடலாம் என்பதால் கை நடுங்கினாலும் உருவம் கெடாது. வட்டங்களுக்குள் முத்தும் தொங்கவிடலாம், மரகதமும் தொங்கவிடலாம், ஒன்றுமில்லாமலும் அணியலாம். நகலிலும் 0.8 மி.மீ. கம்பியில் சின்னக் கொக்கி வைத்துவிட்டால் ஒரே சட்டத்தில் மூன்று தோற்றம் கிடைக்கும்.

படத்தில் எளிதாகத் தெரிந்து ஆளை ஏமாற்றுவது கார்ட்டியே ஹேலோ. 1936-இல் செய்யப்பட்டது, 2011 திருமணத்தில் கேத்தரின் அணிந்தது. சிறியதுதானே என்று தோன்றும். அதில் 739 பிரில்லியன்ட் வைரங்கள், 149 பட்டை வைரங்கள். எல்லாம் சுருள் வேலை. அதை மூன்றாவது நான்காவது முயற்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த படத்தை அச்சிட்டு, அதன்மேல் வைத்து அளந்து செய்தேன். நடுப்பகுதி சரியாக வந்தது. பக்கங்களில் எல்லாம் நெருக்கியடித்து நிற்கிறது. ஏன்?

பதில்: படம் தட்டை, டியாரா வளைவு. நேர் எதிரிலிருந்து எடுத்த படத்தில் பக்கங்கள் நம்மை விட்டு விலகிப் பின்னால் போவதால் சுருங்கித் தெரியும். சுருங்கிய அளவிலேயே வெட்டினால் நெருக்கமாகத்தான் வரும்.

முதலில் படத்தின் அளவுவிகிதம். பெரியவர்களின் இரு கருவிழி நடுவுக்கும் இடையே சராசரியாக 63 மி.மீ. இருக்கும். படத்தில் அந்த இடைவெளி 21 மி.மீ. என்றால் மற்ற எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்குங்கள். டியாரா கண்ணைவிடச் சற்றுப் பின்னால் இருப்பதால் கொஞ்சம் சிறிதாகத் தெரியும். 2 மீட்டர் தூரத்திலிருந்து எடுத்த படத்தில், 4 செ.மீ. பின்னால் இருக்கும் பொருளுக்கு இந்த வித்தியாசம் 2 சதவீதம்தான். விட்டுவிடலாம்.

அடுத்து வளைவைப் பிரித்து நேராக்க வேண்டும். ஒரு தாளில் 8 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வரையுங்கள். இதுவே உங்கள் டியாராவின் அடிச்சட்டம். விட்டத்தின் நடுவிலிருந்து, படத்தில் அளந்து பெருக்கிய தூரத்தைக் குறித்து, அங்கிருந்து செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கோடு அரைவட்டத்தைத் தொடும் இடத்தில்தான் அந்த உறுப்பு நிற்க வேண்டும். அரைவட்டத்தின் உச்சியிலிருந்து அந்த இடம்வரை நூலை வளைவோடு வைத்து அளந்தால் உண்மையான தூரம் கிடைக்கும். படத்தில் 4 செ.மீ. என்பது உண்மையில் 4.2. 6 செ.மீ. என்பது 6.8. ஓரத்தில் 7.5 செ.மீ. என்று தெரிவது 9.7 செ.மீ. உங்கள் டியாரா ஏன் ஓரத்தில் மட்டும் நெருக்கியது என்பது இப்போது புரிந்திருக்கும். இந்த ஒரு வேலையைச் சோம்பல்படாமல் செய்தால், எவ்வளவு மட்டமான கல் வைத்தாலும் பார்த்தவுடன் இன்ன டியாரா என்று அடையாளம் தெரியும்.

கேள்வி: லவ்வர்ஸ் நாட் நகலுக்கு எந்தக் கம்பி, எவ்வளவு வாங்க வேண்டும்? செம்புக் கம்பி போதுமா?

பதில்: செம்பு வளைக்கச் சுகமாக இருக்கும், தலையில் வைத்ததும் தொய்ந்துவிடும். பித்தளை வாங்குங்கள். முழுக்கப் பதப்படுத்தி மென்மையாக்கியது வேண்டாம், பாதி விறைப்பு உள்ளது நல்லது. ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் நிக்கல் உண்டு. நெற்றித் தோலில் அரிப்பு வரும் ஆட்களுக்கு ஆகாது.

அடிச்சட்டத்துக்கு 2 மி.மீ. கம்பி, 32 செ.மீ. நீளத்தில் இரண்டு. ஒற்றைக் கம்பியில் சட்டம் செய்தால் மேலே இருக்கும் கனத்துக்கு அது திருகிக்கொள்ளும். இரண்டு கம்பியை 5 மி.மீ. இடைவெளியில் இணையாக வைத்து, 2 செ.மீ.க்கு ஒரு குறுக்குத் துண்டு கொடுத்துப் பற்றவைத்தால் திருகாது. வளைவுகளுக்கு 1.2 மி.மீ. கம்பி 2 மீட்டர். முடிச்சுகளுக்கு 0.8 மி.மீ. கம்பி 1 மீட்டர். கட்டுவதற்கு 0.3 மற்றும் 0.2 மி.மீ. கம்பிச் சுருள் ஒவ்வொன்று. வளைவுகளின் மேல் 2.4 மி.மீ. ஸ்டோன் செயின் (சின்னக் கிண்ணங்களில் கல் பதித்த சங்கிலி) 2 மீட்டர், அடிச்சட்டத்தின் மேல்கம்பிக்கு 4 மி.மீ. செயின் 35 செ.மீ. துளி வடிவக் கண்ணாடி முத்து 8க்கு 12 மி.மீ. அளவில் 19 தேவை. 22 வாங்குங்கள், துளை ஓரத்தில் பூச்சு உரிந்தது எப்படியும் ஒன்றிரண்டு இருக்கும்.

வளைவுகளின் அகலம் நடுவிலிருந்து ஓரத்துக்குக் குறைந்துகொண்டே வர வேண்டும். நடுவளைவு 20 மி.மீ.; அதிலிருந்து இருபக்கமும் 20, 19, 19, 18, 17, 16, 15, 14, 12 என்று போனால் கூட்டுத்தொகை சரியாக 32 செ.மீ. உயரம் நடுவில் 50, ஓரத்தில் 25 மி.மீ. அளவில் முடியட்டும். ஒரு வளைவுக்கு வேண்டிய கம்பி: உயரத்திலிருந்து அகலத்தின் பாதியைக் கழித்து இரண்டால் பெருக்கி, அதோடு அகலத்தின் 1.57 மடங்கைக் கூட்டுங்கள். நடுவளைவுக்கு 111 மி.மீ. வரும். கீழே பற்றவைக்க இருபுறமும் 5 மி.மீ. சேர்த்து 121 மி.மீ. வெட்டலாம்.

எல்லாம் சேர்ந்து எடை 150 கிராமுக்குள் இருந்தால் நிம்மதி. 250-ஐத் தாண்டினால் எங்கோ தடித்த கம்பி போட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: கையால் வளைக்கிறேன். ஒன்று மாதிரி ஒன்று வருவதே இல்லை.

பதில்: யாருக்கும் வராது. பலகையில் ஆணி அடித்து அச்சு செய்யுங்கள். தலை வெட்டிய ஆணிகள், சுற்றிலும் உப்புத்தாள் தேய்த்து வழவழப்பாக்கியவை. முடிச்சு உருவத்துக்கு நான்கு ஆணி போதும்: இரண்டு கண்களுக்கு இரண்டு, நடுவில் குறுக்கே போக இரண்டு. 45 மி.மீ. கம்பித் துண்டுகளை முதலிலேயே 19 வெட்டி வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் வளைத்துவிடுங்கள். இன்று பத்து, நாளை ஒன்பது என்று பிரித்தால் கை அழுத்தம் மாறி இரண்டு குடும்பமாகத் தெரியும்.

தவறாக வளைந்ததை நிமிர்த்தித் திரும்ப வளைக்காதீர்கள். பித்தளை ஒவ்வொரு வளைப்பிலும் விறைத்துக்கொண்டே போகும், மூன்றாம் முறை அதே இடத்தில் ஒடியும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதுத் துண்டு எடுப்பதுதான் மலிவு.

கேள்வி: தட்டையாக வைத்து எல்லாம் பற்றவைத்து முடித்தேன். தலைக்கு வளைத்தபோது படபடவென்று இணைப்புகள் விட்டுப்போயின. சால்டர் சரியில்லையா?

பதில்: சால்டர் (பற்றவைக்க உருக்கும் உலோகம்) மேல் பழி இல்லை, வரிசைதான் தவறு. அடிச்சட்டத்தை முதலில் வளைத்துவிட வேண்டும், வளைந்த சட்டத்தின் மேல்தான் ஒவ்வொரு வளைவையும் நிறுத்த வேண்டும். நேராகப் பற்றவைத்த பிறகு வளைத்தால் ஒவ்வொரு இணைப்பும் நெம்பப்படும்.

கம்பி வளைத்த பின் கொஞ்சம் விரியும் என்பதால், 16 செ.மீ. விட்டம் வேண்டுமானால் 14 அல்லது 14.5 செ.மீ. விட்டமுள்ள டப்பாவில் சுற்றுங்கள். முழு வட்டமாக இல்லாமல் குதிரை லாடம் போல் நுனிகள் சற்று உள்வாங்கி இருக்கட்டும். வளைவுகளைச் செங்குத்தாக நிறுத்தாமல் 10 டிகிரி அளவு வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். நேராக நின்றால் நாடகக் கிரீடம் மாதிரி இருக்கும். சாய்ந்திருந்தால்தான் தலையில் வைத்ததும் முகத்தை நோக்கித் திரும்பும்.

கேள்வி: சால்டர் உருண்டை உருண்டையாக நிற்கிறது, ஒட்டவில்லை. ஒட்டிய இடத்தில் கல் கறுத்துவிட்டது.

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

உருண்டை நிற்பது உலோகம் சூடாகாததால், அல்லது அழுக்கால். உப்புத்தாளால் தேய்த்து மஞ்சள் பளபளப்பு தெரியும்வரை சுத்தம் செய்து, ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பசை) தடவி, சால்டரிங் அயர்ன் முனையைக் கம்பியில் வையுங்கள். சால்டரைக் கம்பியில் தொடுங்கள், முனையில் அல்ல. கம்பி சூடேறினால் சால்டர் தானே ஓடிப் படியும். 2 மி.மீ. கம்பியைச் சூடாக்க 25 வாட் அயர்ன் போதாது; 60 வாட், வெப்பம் கட்டுப்படுத்தும் வசதி இருந்தால் 350 டிகிரியில் வையுங்கள். தோலில் படும் பொருள் என்பதால் ஈயம் கலந்த 60/40 சால்டர் வேண்டாம். வெள்ளீயமும் செம்பும் கலந்த ஈயமில்லாச் சால்டர் 227 டிகிரியில் உருகும், அது போதும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.

கல் கறுப்பது சூட்டால். ஸ்டோன் செயினில் வரும் கல்லின் பின்புறம் வெள்ளிப் பூச்சு இருக்கும், அதன்மேல் ஒரு வார்னிஷ். சூடு பட்டால் இரண்டும் கருகும், கல் சாம்பல் நிறமாகத் தெரியும். அதைத் திருப்பிக் கொண்டுவர வழியே இல்லை. பிளாஸ்டிக் கல் என்றால் உருகியே போகும். ஆகவே சூடு சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் முடிந்து, கழுவி, காய்ந்த பிறகுதான் கல்லும் முத்தும் பக்கத்திலேயே வர வேண்டும்.

ஸ்டோன் செயினைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். அடிச்சட்டத்தின் 4 மி.மீ. செயினில் 32 செ.மீ.க்குச் சுமார் 70 இடைவெளி இருக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் 0.3 மி.மீ. கம்பியை ஒரு சுற்று இழுத்தால் மொத்தம் ஒன்றரை மீட்டர் செலவாகும். ஆனால் ஒன்றரை மீட்டரை ஒரே துண்டாக எடுக்காதீர்கள், சிக்கிக்கொண்டு முறுக்கில் ஒடியும். 60 செ.மீ. துண்டுகளாக எடுத்து, நுனியைப் பின்புறம் மடக்கி அழுத்துங்கள். வளைவுகளின் 2.4 மி.மீ. செயினுக்கு 0.2 மி.மீ. கம்பி, இங்கே ஒன்று விட்டு ஒரு இடைவெளியில் கட்டினால் போதும். உட்கார்ந்து செய்தால் முதுகு வலிக்கும் வேலைதான், ஆனால் கல் ஒன்றுகூடக் கெடாது. பின்னால் ஏதாவது உடைந்தால் பிரித்து மாற்றவும் முடியும்.

கேள்வி: இணைப்புகளில் பச்சைப் பூப்பு வருகிறது. இன்னொரு டியாராவில் கற்களின் மேல் வெண்படலம்.

பதில்: பச்சை, கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ். அமிலப் பசை பித்தளையைத் தின்றுகொண்டே இருக்கும். பற்றவைத்து முடித்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

வெண்படலம், சூப்பர் குளூ ஆவி. ஒட்டிய இடத்தில் மட்டுமல்ல, பக்கத்துக் கல்லிலும் படியும். கண்ணாடிக் கல்லில் அசிடோன் நனைத்த பஞ்சால் துடைத்தால் போகும். முத்துப் பக்கம் அசிடோனைக் கொண்டுபோகாதீர்கள், பூச்சு கழன்று வரும். கல் ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி பயன்படுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையைவிட 24 மணி நேரம் எடுப்பது கெட்டி. ஹாட் குளூ வழவழப்பான உலோகத்தில் நிற்காது.

கேள்வி: அடிப்பாகத்தை 3டி பிரிண்ட் செய்துவிட்டால் என்ன?

பதில்: மேடை தூரத்துக்குச் சரி. கையில் எடுத்தால் தடிமன் காட்டிக்கொடுத்துவிடும். 1.2 மி.மீ. கம்பி நிற்கிற இடத்தில் பிளாஸ்டிக் 2.5 மி.மீ. வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ஒடியும். வரைபடம் சரியா என்று தலையில் வைத்துப் பார்க்கும் மாதிரிக்கு அது அருமையான வழி.

கேள்வி: எலிசபெத் அரசி திருமணத்தில் அணிந்த குச்சி குச்சியான டியாரா செய்ய வேண்டும். குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்கின்றன.

பதில்: அது மேரி அரசியின் ஃபிரிஞ்ச் டியாரா, 1919-இல் கேரார்ட் செய்தது. 47 வைரப் பட்டைகள், அவற்றுக்கு இடையில் மெல்லிய ஊசிகள். கழற்றினால் கழுத்தணியாகவும் போட்டுக்கொள்ளலாம். உங்கள் சிக்கலுக்கு விடையும் அதிலேயே இருக்கிறது: இதைச் சட்டத்தில் பற்றவைக்காமல், முதலில் கழுத்தணி போலக் கோத்து, பிறகு வளைந்த சட்டத்தில் வைத்துக் கட்ட வேண்டும். லவ்வர்ஸ் நாட்டுக்குச் சொன்ன வரிசை இங்கே தலைகீழ்.

4 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. தடிமன் உள்ள பித்தளைப் பட்டையில் 47 துண்டுகள். நடு உயரம் 60 மி.மீ., அங்கிருந்து இருபுறமும் ஒவ்வொன்றுக்கும் 1.5 மி.மீ. குறைத்தால் கடைசித் துண்டு 25.5 மி.மீ. மொத்த நீளம் 2 மீட்டருக்கு 8 மி.மீ. குறைவு. ஸ்டோன் செயின் 2.25 மீட்டர் வாங்கினால் சேதாரம் போக மீதி நிற்கும். நுனியில் மட்டும் 3 மி.மீ., 2 மி.மீ. கற்களை எபாக்சியில் ஒட்டினால் கூராகப் போவதுபோல் தெரியும்.

ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு இடத்தில் பக்கவாட்டில் செல்லும் சின்னக் குழாயைப் பின்புறம் பற்றவையுங்கள்: அடியிலிருந்து 3 மி.மீ. உயரத்தில் ஒன்று, 18 மி.மீ. உயரத்தில் ஒன்று. ஒரே கம்பியில் கோத்தால் பட்டை ஊஞ்சல் மாதிரி ஆடும், அதனால்தான் சாய்கிறது. கீழ்க் கம்பியில் பட்டைகளுக்கு இடையே 3 மி.மீ. மணி, மேல் கம்பியில் அதைவிட ஒரு பிடி பெரியது. டியாரா வெளிப்பக்கம் விரிவதால் மேலே இடைவெளி கூடுதலாக வேண்டும். இரண்டிலும் ஒரே மணி போட்டால் நுனிகள் நெருங்கிக் குவியும்.

சட்டத்தில் இறுக்கிக் கட்டும்போது கொஞ்சம் விட்டுக் கட்டுங்கள். 1947 நவம்பர் 20 அன்று, திருமணக் காலையிலேயே அசல் டியாரா ஒடிந்து, அவசரமாகச் செப்பனிட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. அன்றைய படங்களில் நடுப் பட்டைக்குப் பக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கும். நகலில் அதையும் வைப்பவர்கள் உண்டு! அது அவரவர் ரசனை.

கேள்வி: அளவெல்லாம் சரி, ஆனாலும் பிறந்தநாள் விழாக் கிரீடம் போலத்தான் இருக்கிறது.

பதில்: பெரும்பாலும் வெற்றிடத்தை நிரப்பியதுதான் காரணம். கல் மிச்சம் இருக்கிறதே என்று இடுக்கிலெல்லாம் ஒட்டுவார்கள். அசல் டியாராவில் பாதி காற்றுதான். வளைவுக்குள் கூந்தல் தெரிய வேண்டும், முத்து அந்த இருட்டில் தொங்கி ஆட வேண்டும். ஓரத்துச் சின்ன வளைவுகள் தவிர மற்றவற்றில் முத்தின் இருபுறமும் குறைந்தது 3 மி.மீ. காலியாக விடுங்கள்.

வானவில் பூச்சு உள்ள கல் வேண்டவே வேண்டாம், தெளிந்த வெள்ளைக் கல் மட்டும். தூய வெள்ளை முத்து பிளாஸ்டிக்காகத் தெரியும்; லேசான பாலாடை நிறம் எடுங்கள். பழைய டியாராக்களில் வைரத்தை வெள்ளியில் பதித்திருப்பார்கள், அது கறுத்து ஓரங்களில் நிழல் கொடுக்கும். கறுப்பு அக்ரிலிக் பெயின்டை நீர்த்து, கல் கிண்ணங்களின் இடுக்கில் தடவி உடனே துடைத்தெடுத்தால் அந்த நிழல் வந்துவிடும்.

கேள்வி: அணிந்தால் பின்னுக்குச் சரிகிறது. இறுக்கினால் தலைவலி.

பதில்: டியாரா தலையைக் கவ்விப் பிடிக்கும் பொருள் அல்ல, கூந்தலில் தைத்து நிறுத்தும் பொருள். நுனிகள் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தினால் அரைமணியில் வலி தொடங்கும். நுனிகளை ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. விரித்து, கடைசி 1 செ.மீ.யை வளையமாக மடக்கிவிடுங்கள். அதில் ஹேர்பின் போகும்.

அடிச்சட்டத்தின் கீழ்க் கம்பியில் கல் வைக்காமல் விட்டதற்குக் காரணமே இதுதான். கூந்தல் நிறத்தில் 6 மி.மீ. வெல்வெட் ரிப்பன் 75 செ.மீ. எடுத்து, பாதி பாதி ஏறும்படி அந்தக் கம்பியைச் சுற்றி மூடுங்கள். வெறும் உலோகம் கூந்தலில் வழுக்கும், வெல்வெட் பிடிக்கும். டியாரா உட்காரும் கோட்டில் மெல்லிய பின்னல் ஒன்று போட்டுத் தலையோடு சேர்த்துப் பின் குத்திவிட்டு, ரிப்பனையும் பின்னலையும் சேர்த்து 3 செ.மீ.க்கு ஒரு பின் குறுக்காகக் கொடுங்கள். தலையைக் குனிந்து பார்க்கும்போது முன்பக்கம் நகர்ந்தால் பின் போதவில்லை. பக்கவாட்டில் திருப்பும்போது ஆடினால் நுனி வளையங்களில் குத்திய பின் கூந்தலைப் பிடிக்கவில்லை, பின்னலில் படும்படி மாற்றிக் குத்துங்கள்.